நான்காவது ரீமிக்ஸ்

மார்ச் 12, புதன்
வெயில் இப்போதே தாங்கவில்லை. ராகி அரைக்கக் கொடுக்க வேண்டும்.
காலையிலிருந்து அவர் அதே பழைய டிஸ்கோ பாட்டோடுதான். மாரியம்மன் பண்டிகைக்கு மூன்று ரீமிக்ஸ். ஒன்று பம்பை அடி சேர்த்து. ஒன்று ஊர்வலத்துக்கு. ஒன்று லாரிக்காரர்களுக்கு, கேபின் அதிர. சவுண்ட் சர்வீஸ்காரர் வீட்டில் வேறு என்ன கேட்கும்.
நித்தின் பாஸ் ஸ்பீக்கர் பெட்டி மேல் உட்கார்ந்து ஆட்டம். இரண்டரை வயது. இன்னும் 'அம்மா' வரவில்லை.
அத்தை: "காது கேக்காத புள்ள இப்பிடி ஆடுமா? எஞ்சாமி எங்கூட்டு ரத்தம். டாக்டரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."
அஸ்தம்பட்டி கிளினிக்கில் காது டெஸ்ட் இரண்டாவது முறையாகத் தள்ளிப்போனது. நானும் தலையாட்டினேன். படித்தது பி.எஸ்ஸி. இயற்பியல்.

மார்ச் 14, வெள்ளி
அவர் பெட்டி இறக்கப் போயிருந்தார். குக்கர் நான்கு விசில். நித்தின் திரும்பவில்லை.
வீட்டிலிருந்த பெட்டியில் லாரி ரீமிக்ஸ் போட்டேன். மேலே உட்கார வைத்தேன். ஆடினான். தூக்கிக் கட்டில் மெத்தையில் வைத்தேன். நின்றுவிட்டான். பாட்டு ஓடிக்கொண்டேதான் இருந்தது. மறுபடி பெட்டி. ஆட்டம். மறுபடி மெத்தை.
மூன்று தடவை. மூன்றாவது எதற்கு என்று தெரியவில்லை.
அதிர்வு. அவ்வளவுதான். இத்தனை மாதமும் அதற்குத்தான் கைதட்டியிருக்கிறோம். வீடியோ வேறு.

மார்ச் 15, சனி
சொல்லிவிட்டேன். "ஏனுங்க, ஒருக்கா மெத்தையில உட்டுப் பாருங்க."
"பாட்டு புடிக்கலீன்னா நிப்பான். நீயா எதையாச்சும் கெளப்பாத கவி. பண்டிகை முடியட்டும்."
மத்தியானம் சமையலறையிலிருந்து பார்த்தேன். அவரே தூக்கினார், மெத்தையில் வைத்தார், பெட்டியில் வைத்தார். பிறகு பாட்டை நிறுத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டார். நான் உள்ளே போகவில்லை. சாம்பார் அடிப்பிடித்தது.

மார்ச் 17, திங்கள்
அஸ்தம்பட்டி. தூங்க வைத்து, தலையில் ஒயர் ஒட்டி டெஸ்ட். இரண்டு காதும் கேட்கவில்லை.
டாக்டரம்மா: "போன வருஷமே கூட்டிட்டு வந்திருக்கலாமேம்மா."
பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார். மிஷின் வைத்தாலும் எவ்வளவு பேச்சு வரும் என்று சொல்ல முடியாதாம். இன்னும் ஏதோ சொன்னார். நினைவில்லை.
பஸ்ஸில் அத்தை வழி முழுக்க, "ஆடுனானே சாமி... நல்லா ஆடுனானே..."

மார்ச் 18, செவ்வாய்
வாங்க: சோப்பு, பால் பவுடர். சீட்டை ஜெராக்ஸ் எடுக்க.
பண்டிகைக்காரர்கள் வந்து மூன்று ரீமிக்ஸையும் வாங்கிப் போனார்கள். "அண்ணா, பட்டையக் கெளப்புதுங்ண்ணா!" அவர் சிரிக்கக்கூட இல்லை.
அவர்கள் போனபிறகும் ஹெட்போனைக் கழற்றவில்லை. நான்காவது ஒன்று. பெட்டியில் போட்டுக் காட்டினார். பாடுகிறவர் இல்லை, கிதார் இல்லை. தும் தும் மட்டும்.
"பாட்டு எங்கீங்க?"
"எடுத்துட்டேன். அவனுக்கு எதுக்கு அது."
நித்தின் பெட்டி மேல் ஆடினான். பின்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். இன்னொரு முறை, சத்தமாக.
அவர் பாட்டை நிறுத்தினார். பெட்டியின் பக்கவாட்டில் கையால் இரண்டு தட்டுத் தட்டினேன்.
திரும்பினான்.