அக்காவின் டிரான்ஸ்ஃபர்

சித்தூர், ஞாயிறு இரவு

முப்பத்து முக்கோடி தேவர்களையும் பேச்சால் மயக்கக்கூடிய நான் இன்று என் அக்காவிடம் தோற்றேன். அக்காவுக்கு எண்பது வயது. மேஜரின் விதவை, கர்னலின் தாய்.

மகனுக்கு எல்லையில் வேலை, குடும்பத்தோடு இருக்க முடியாத இடம். திருப்பதியில் ஒரு முதியோர் இல்லத்தில் இடம் பிடித்துவிட்டு, அதை அம்மாவிடம் சொல்லும் வேலையை என்னிடம் தள்ளிவிட்டான். நான் சிரிக்க வைத்துவிட்டுச் சொல்லலாம் என்று, "அக்கா, உனக்குத் திருப்பதிக்கு டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்துகீது!" என்றேன்.

"புள்ளைக்குத் திருப்பதியில போஸ்டிங்கா? இத்தினி நேரம் ஏன்டா சொல்லலை?"

நான் வாயைத் திறப்பதற்குள் கட்டிலுக்கு அடியிலிருந்து கறுப்பு டிரங்குப் பெட்டி வெளியே வந்துவிட்டது. ராவணன் சேனைகூட அவ்வளவு வேகமாகக் கிளம்பியிருக்காது. புடவை, குக்கர், அத்தானின் மெடல்கள் எல்லாம் உள்ளே போயின. ஒவ்வொரு போஸ்டிங்குக்கும் செய்வதுபோல மூடியில் பழைய ஊர்ப் பெயரை அழித்துவிட்டு, வெள்ளைப் பெயின்ட்டில் கர்னல் என்று மகன் பெயரையும் கீழே திருப்பதி என்றும் எழுதினாள்.

அவனுக்கு போன் செய்தேன். "நீங்களே பக்குவமா சொல்லிடுங்க மாமா, என்னால முடியலை" என்று வைத்துவிட்டான்.

"அக்கா, அவன் உன்கூட வரமாட்டான்" என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்டா. உங்க அத்தானும் அப்படித்தான். சாமானோட நான் முன்னாடி போயி வீடு தொறப்பேன், அவரு லீவு கெடச்சப்புறம் வருவாரு. பெட்டி மேல கை வெக்காதே, ஈரமாகீது."

கை வைக்கவில்லை. முதியோர் இல்லம் என்ற வார்த்தையைச் சொல்லவும் இல்லை. காலையில் வண்டி வருகிறது.