நனையாத பால்

அண்ணி,

நம் தோட்டத்தின் வரலாற்றில் இன்று ஒரு மாபெரும் முடிவு எடுக்கப்பட்டது. வேலைக்குப் போகிற பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில், பால் கொடுக்கும் மூலைக்கு மாட்டப்போகும் திரைச்சீலை பச்சை நிறத்தில் இருக்க வேண்டும் என்று கூட்டத்தில் தீர்மானித்தார்கள். நீலத்துக்காக ஒரு தரப்பு கடைசிவரை போராடித் தோற்றது. ஆபீஸ் கிளாக்கர் என்ற முறையில் குறிப்பெடுக்க நானும் இருந்தேன். மாதிரித் துணியை என் கையிலும் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொன்னார்கள். வெளியே நம் வட்டவளையின் ஓயாத மழை. துணி நமுத்து ஈர வாடை அடித்தது. அந்த வாடையோடு நீங்கள் என் நினைவில் வந்து நின்றீர்கள்: முதுகில் கூடை, இடுப்பில் சுற்றிய படங்குத் துணி, மார்புவரை நனைந்த சட்டை.

சுமதி பிறந்த முதல் வாரத்தில் உங்களுக்குக் காம்பு வெடித்து இரத்தம் கசிந்தது. அவள் வாய் வைக்கும்போதெல்லாம் கால் விரல்களை மடக்கிக்கொள்வீர்கள். புட்டி வாங்கி வரட்டுமா என்று அண்ணன் கேட்டார். "கொழுந்து கிள்ளுற கை மாதிரிதாங்க. மொதல்ல புண்ணாகும், அப்புறம் பழகிரும்" என்றீர்கள். பழகியும் விட்டது. பிள்ளை கன்னம் உப்பி, நோய் நொடி இல்லாமல் வளர்ந்தாள். அவள் குடித்து முடித்துக் கிறங்கிக் கிடக்கும்போது உங்கள் முகத்திலும் அதே கிறக்கம் இருக்கும். அப்படி ஒரு நிம்மதியை நம் லயத்து வீடுகளில் நான் அதிகம் பார்த்ததில்லை.

லீவு முடிந்து நீங்கள் வேலைக்குத் திரும்பியபோது, உங்களோடு கொழுந்து பறிப்பவர்களை, பிள்ளைக்காம்பராவிலிருந்து வெகுதூரம் ஏற வேண்டிய மேமலையில் போட்டிருந்தார்கள். பால் கொடுக்கச் சட்டம் தாய்க்கு நேரம் கொடுத்திருந்தது. அந்த நேரத்தை மலை இறங்கவும் ஏறவும் எடுத்துக்கொண்டது. சட்டம் எழுதியவர்கள் சமதரையில் உட்கார்ந்து எழுதியிருப்பார்கள்.

"என்னா புள்ள, பால் குடுக்கப் போனியா, மாடு வாங்கப் போனியா?" என்று கங்காணி கேட்டாராம்.

"அடுத்த தடவ நீங்க போய்க் குடுத்துட்டு வாங்க கங்காணி. எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாப்போம்."

அன்று மலையே சிரித்ததாகச் சொன்னீர்கள். கங்காணியிடம் அப்படிப் பேசிய நீங்கள், என் அம்மா சொன்னதற்கு மட்டும் மறுபேச்சுப் பேசவில்லை.

"நனஞ்ச ஒடம்புல பாலும் குளுந்துதான் கெடக்கும். புள்ளைக்குச் சளி கட்டிரும். பீச்சி விட்டுட்டு, ஒடம்பு காஞ்சப்புறம் குடும்மா" என்றார் அம்மா. அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டியிருப்பேன். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பிள்ளையின் நெஞ்சில் சளி கட்டிவிடுமோ என்ற பயம்தான்.

வட்டவளையில் ஆனி மாதத்தில் உடம்பு காய்வது ஒரு நம்பிக்கை மட்டுமே. நீங்கள் இறங்கி வரும் வழியிலேயே, பாதையோரத் தேயிலைச் செடிகளின் அடியில் பாலைப் பீய்ச்சிவிடுவீர்கள். நம் தோட்டத்துத் தேயிலையின் ருசியைப் பற்றிக் கொழும்பில் பேசுகிறவர்களுக்கு இது தெரியாது. பிறகு பிள்ளைக்காம்பரா அடுப்பருகே நின்று காய்வீர்கள். உள்ளே சுமதி பசியில் அலறுவாள். ஆயா புட்டியை வைத்து அமர்த்துவாள். சட்டை காய்வதற்குள் நேரம் முடிந்துவிடும். புட்டியில் சுலபமாக வருகிறதென்று சுமதி கண்டுகொண்டாள். மழை விட்ட ஒரு நாள் நீங்கள் காய்ந்த உடம்போடு ஓடி வந்தபோது, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொஞ்ச நாளில் உங்களுக்கும் பால் வற்றிவிட்டது.

அதன்பிறகுதான் மருத்துவிச்சி மிஸ்ஸி நம் லயத்துக்கு வந்தார். சிங்களப் பெண். தனக்குத் தெரிந்த தமிழில், "அம்மாதான் நனையிறது. பால் நனையிறது இல்ல. உள்ள எப்பவும் சூடுதானே?" என்றார். மிக எளிய சங்கதி. நீங்கள் புட்டியைக் கழுவப் போனீர்கள்.

சில வருடங்கள் கழித்து எனக்கு மகன் பிறந்தான். ஆபீஸிலிருந்து நனைந்து வந்து அவனை மடியில் எடுத்ததும் அம்மா வாயைத் திறந்தார். நீங்கள் நடுவில் வந்து நின்றீர்கள்.

"அத்த, அந்தப் பேச்சு எம்புள்ளையோட போகட்டும்."

அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனார். நான் குனிந்து மகனைப் பார்த்தபடி பால் கொடுத்தேன். அன்று நிமிர்ந்து உங்கள் முகத்தைப் பார்த்திருக்கலாம், அண்ணி. உங்களுக்கு எப்படி இருந்தது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்க இன்னும் காலம் இருக்கிறது என்று நினைத்தேன். நீங்கள் ஒரு காய்ச்சலில் போய்ச் சேர்ந்தீர்கள்.

உங்கள் சுமதி இப்போது இதே தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். அவளுக்கும் பெண் பிள்ளை. லீவு முடிந்து வந்த வாரம், பிள்ளைக்காம்பராவில் என் கண்முன்னே ஒரு கிழவி அவளிடம், "காஞ்சிட்டுக் குடு புள்ள" என்றாள். "பால் நனையாது பாட்டி, எங்கம்மா சொல்லியிருக்காங்க" என்று சொட்டச் சொட்ட உட்கார்ந்து கொடுத்தாள். நீங்கள் இதை அவளிடம் எப்போது சொன்னீர்கள் என்று எனக்குத் தெரியாது. பிள்ளை உங்களைப் போலவே கண்ணை மூடிக் கிறங்கியது. அன்று முழுக்க நான் அதை நினைத்துக்கொண்டே இருந்தேன்.

போன திங்கட்கிழமை அவளை மேமலைக்கு மாற்றினார்கள். பிள்ளை இப்போது புட்டியில் கரைத்த மாப்பால் குடிக்கிறது.