அருவியைத் திருப்பிக் கொடுத்தேன்

மஸ்கெலியா,
ஆவணி, வியாழன் மாலை

என் அன்பு மகன் அழகனுக்கு,

நானும் அப்பாவும் நலம், என் வலது முழங்கால் ஒன்றைத் தவிர. அது நலங்கெட்ட வரலாற்றைச் சொல்லவே இம்மடல். மெல்பேர்ன் குளிரில் நீ வேளைக்கு உண்டு நலமாயிருக்கிறாய் என்று நம்பிக்கொண்டே எழுதுகிறேன். அப்பா நட்ட உருளைக்கிழங்கில் பாதியைக் காட்டுப்பன்றி தோண்டித் தின்றுவிட்டது. அதைக் கண்டித்து நான் ஒரு கூட்டம் பேச வேண்டுமாம்.

வரும் ஞாயிறு அங்குள்ள மலையகத்தார் ஒன்றுகூடலில் முதன்முறையாக மேடையேறுவதாகவும், என் உரைகளில் எல்லாரும் கைதட்டும் அந்த வரியைச் சொல்லப் போவதாகவும், அதை முழுமையாக எழுதி அனுப்பும்படியும் கேட்டிருந்தாய். “இம்மலையில் வீழ்வது நீரன்று, எம் பெண்களின் கண்ணீர்” என்று முப்பது ஆண்டுகள் முழங்கியவள் நான். எழுதுகோலை எடுத்த பின்புதான் உறைத்தது, நம் தேயிலை மலையிலுள்ள நான்கு அருவிகளில் பேருந்திலிருந்து தெரியும் முதலாவதைத் தவிர வேறொன்றையும் நான் கண்டதேயில்லை. மகன் கையில் கொடுக்குமுன் ஒருமுறை பார்த்துவிடத் துணிந்து, செவ்வாய் விடியலில் அடுத்த வீட்டுப் பேச்சியம்மாவை அழைத்துக்கொண்டு புறப்பட்டேன். நாற்பது ஆண்டுகள் அந்த மலையில் கொழுந்து கொய்தவர் அவர். அறுபத்திரண்டு அகவையில் இது தேவையா என்று கேட்ட அப்பா, கேட்டுக்கொண்டே அட்டை கடிக்காதிருக்க என் கால்களில் சவர்க்காரம் பூசிவிட்டார்.

முதல் அருவி வரை தேயிலைக்கிடையே படிகள் உண்டு. அதற்கு மேல் வேர்களைப் பற்றி, ஈரப்பாறையில் தவழ்ந்தே ஏறினோம். இரண்டாம் அருவி மெலிந்தது, பாசி மீது ஓசையின்றி வழிந்தது. அங்கே அமர்ந்து எட்டு அட்டைகளைப் பிடுங்கி எறிந்தேன். அதைக் கடந்ததும் கால் வழுக்கிப் பத்தடி சரிந்தேன். பேச்சியம்மா என் முந்தானையைப் பற்றி நிறுத்தி, “மேடையில ஏறுற மாதிரி நிமிந்து ஏறாதீங்க டீச்சர், கொழுந்து எடுக்குற மாதிரி குனிஞ்சு ஏறுங்க” என்றார். குனிந்தேன், ஏற முடிந்தது.

மூன்றாம் அருவியை என்னவென்பேன்! முகிலிலிருந்து நேரே விழுகிறது, நின்ற பாறையே அதிர்கிறது. நெஞ்சு நிமிர்த்தி என் வரியை முழங்கினேன். ஒலிபெருக்கியின்றி ஆயிரம் பேருக்கு எட்டும் குரல், எனக்கே கேட்கவில்லை. பேச்சியம்மா விழுந்து விழுந்து சிரித்துவிட்டுக் காதருகே வந்து, “வாய் மட்டும் அசையுதுங்க டீச்சர், கண்டாக்கய்யா மாதிரியே” என்றார். ஒதுங்கியமர்ந்து ரொட்டி தின்றபோதுதான் விளங்கியது. தம் இளமையில் அவரும் தோழிகளுமாக ஐவர் பகலுணவு வேளையில் இங்கே ஓடிவந்து ஒரே சவர்க்காரக் கட்டியில் குளிப்பார்களாம், வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு கீழே நின்று கத்துவாராம். “அவரு சத்தம் கேக்காத எடம் இந்த மலையிலேயே இது ஒண்ணுதாங்க” என்றார். என் வரியைச் சொல்லி, கண்ணீர் என்றேனே என்றேன். “அழுகைன்னா லயத்து வீட்டுக்குள்ள அழுவோம். இங்க வந்து யாருங்க அழுவா?” என்றார். முன்வரிசையிலிருந்து இத்தனை ஆண்டுகள் கைதட்டினீர்களே, ஒரு சொல் சொல்லியிருக்கலாகாதா என்று கேட்டேன். “நீங்க அம்புட்டு அழகா பேசுறப்ப எப்புடிங்க குறுக்க பேசுறது” என்றார்.

உச்சியில் நான்காவது, பாறைப் பிளவிலிருந்து கையகலமே கசிகிறது. குவித்துப் பருகினேன். சிறிதும் உப்புக் கரிக்கவில்லை.

ஆகவே மகனே, அந்த வரியைச் சொல்லாதே. கூலிக்கும் காணிக்கும் நான் எழுப்பிய குரலில் ஒரு சொல்லையும் பின்வாங்கேன், அத்துயரம் மெய். ஆனால் அருவி அவர்களுடையது; கேளாமல் எடுத்தேன், திருப்பிக் கொடுத்துவிட்டேன். வேறு வரி புனையப் பார்த்து மூன்று தாள்களைக் கிழித்ததுதான் மிச்சம். பேச்சியம்மா சொன்னதைச் சொன்னபடியே சொல். கைதட்டல் குறைந்தால் குறையட்டும்.

ஞாயிறுக்கு முன் சேர வேண்டுமென்பதால் இதை அப்பா கைப்பேசியில் படமெடுத்து அனுப்புவார், அவர் விரல் மறைத்த இடத்தை ஊகித்துப் படி. காலுறை அணிந்து உறங்கு. உன் நாவும் நெஞ்சும் நேராக நின்று நீடு வாழ்க.

மறவாதே, இதைச் சொல்லப் பேச்சியம்மா இசைந்தது ஒரு கட்டளையோடுதான். ஐவர் பெயரையும் மேடையில் சொல்ல வேண்டும்: பேச்சியம்மா, ராசம்மா, பவுலின், அழகம்மா, நாகலெட்சுமி. வரிசை மாறக்கூடாதாம். பாறையிலிருந்து குதித்த வரிசை அது.

முழங்காலில் எண்ணெய்க் கட்டோடு,
உன் அம்மா