எரிமலைக் கழுத்து

ஞாயிறு இரவு, வெள்ளவத்தை

கல்யாண வீட்டில் கூடப் படித்தவரோடு சிரித்துக் கதைத்தேனாம். வீடு வந்ததும் இவர் தண்ணீர்ப் போத்தலைச் சுவரில் அடித்து உடைத்தார். பிறகு என் தாலிக்கொடியைப் பிடித்து முறுக்கினார். எனக்கு மூச்சு நின்று வந்தது. அவர் வெளியே போனதும், சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்த மகள் புவியியல் புத்தகத்தோடு வந்தாள்.

“அம்மா, எரிமலைக் கழுத்தெண்டா என்ன?”

நான் ரியூசன் ரீச்சர் அல்லவா, பதில் தானாக வந்தது. “வெடிச்ச மலை மழையில கரைஞ்சு போகும். அதின்ர தொண்டைக்குள்ள இறுகின பாறை மட்டும் நிக்கும்.”

“கரைய எவ்வளவு காலம் எடுக்கும்?”

“லட்சக்கணக்கான வருசம்.”

அவள் என் கழுத்தில் சிவந்திருந்த தடத்தைப் பார்த்தாள்.

“அப்பா கரையும்வரைக்கும் நீங்களும் நிக்கப் போறீங்களோ?”

அவர் இன்னும் வரவில்லை. கொடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டேன். பக்கத்து அறையில் மகள் எங்கள் இரண்டு பேரின் உடுப்புகளையும் பெட்டியில் அடுக்குகிறாள்.