அரை மணி நேரத்தில் அடுக்கிய பெட்டி

பெயர் சொல்லி அழைத்துப் பழகாத என் அன்பருக்கு,

யுத்தம் நம் கரைக்கும் வந்துவிடுமென்று பட்டினத்தில் பாதிப்பேர் வாவியைக் கடந்து போய்விட்டார்கள். நாங்களும் அக்கரையிலுள்ள பழுகாமத்துக்குப் போகிறோம். எத்தனை மாதத்துக்கென்று யாருக்கும் தெரியாது. நேற்றுப் பெட்டி அடுக்கத் தொடங்கினேன்.

நீங்கள் காணி அளக்க முகாம் முகாமாகப் போன காலத்தில் நம் நால்வருக்கும் ஒரே தகரப்பெட்டிதான். விளக்குச் சிமினியைப் பிள்ளைகளின் சட்டையில் சுற்றிச் சோற்றுப்பானைக்குள் வைப்போம். கடைசியில் நீங்கள் பெட்டியை ஒரு பக்கக் கைப்பிடியில் தூக்கிப் பார்ப்பீர்கள். பாரமென்றால் எதையாவது முகாமிலேயே விடவேண்டும். "மனிசருக்கு இவ்வளவு சாமான் என்னத்துக்கு?" என்பீர்கள்.

நேற்று அடுத்த அறையில் அந்தக் கைப்பிடி விழும் சத்தம் கேட்டது. எனக்குப் பேயில் நம்பிக்கை இல்லை, உங்களுக்குத் தெரியும். எழுந்து போய்ப் பார்த்தேன். அங்கே பெட்டி ஏது? அது நான் இருந்த அறையில் திறந்து கிடந்தது.

மகளுக்கு இப்போது பத்தொன்பது வயது. அவளுடைய தையல் மெஷினை வேண்டாமென்று ஒதுக்கிவைத்தேன்.

"உட்டுட்டுப் போறது உங்களுக்கு லேசு. அப்பாவையும் அப்பிடித்தானே மாங்கேணியில உட்டுட்டு வந்தீங்க?" என்றாள்.

மாங்கேணி முகாமில் காய்ச்சலில் போன உங்களைக் கடற்கரை மணலில் புதைத்த மறுநாளே நான் வண்டி கட்டச் சொன்னேன். "ரெண்டு நாள் நிண்டு போவம் புள்ள. என்ன அவசரம் மனே?" என்றார் வண்டிக்காரர். நான் கேட்கவில்லை. அரை மணி நேரத்தில் பெட்டியை அடுக்கினேன். ஒரு கரண்டியைக்கூட மறக்கவில்லை என்று பெருமையும் பட்டேன். இன்னும் ஒரு நாள் நின்றால் அங்கேயே இருந்துவிடுவேன் என்று பயந்தேனோ?

பிறகு பன்னிரண்டு வருடம் மழை என்றேன், பள்ளிக்கூடம் என்றேன். ஊரார் காணிக்கெல்லாம் எல்லைக்கல் நாட்டிய உங்களுக்கு ஒரு கல் நாட்ட நான் திரும்பிப் போகவில்லை.

நாளை மகன் சாமான்களோடு தோணியில் போகிறான். நானும் மகளும் முதலில் மாங்கேணிக்கு வருகிறோம்.

"இடம் நினைவிருக்கா அம்மா?" என்றாள் மகள்.

"ஓம்" என்றேன். பொய். காற்று அள்ளிப்போடும் மணலில் எந்த அடையாளம் மிஞ்சியிருக்கும்?

தெரியாவிட்டால் வேறொரு மேட்டைக் காட்டி அவளை ஏமாற்றமாட்டேன். உன் அப்பா எங்கே கிடக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை, மகளே என்று அவள் முகத்தைப் பார்த்தே சொல்வேன். அதை மட்டும் உங்களுக்கு வாக்காகத் தருகிறேன்.

உங்கள் பிள்ளைகளின் தாய்