அவளுக்கு வந்த சீட்

அன்புள்ள அத்தைக்கு,

இன்னைக்குக் காலையில பத்து பதினேழுக்கு, உங்க மகளுக்கும் காலேஜ்ல சீட் கிடைச்சிருச்சுன்னு என் போனுக்கு மெசேஜ் வந்துச்சு. வெயிட்டிங் லிஸ்ட்ல இருந்து கூப்பிட்டிருக்காங்க. ரெண்டு பேர் அப்ளிகேஷன்லயும் அவ என் நம்பரைத்தான் போட்டிருந்தா. அவ தவறிப் போய் நாலு மாசமாச்சுன்னு அவங்களுக்குத் தெரியாது. பதறாதீங்க, நான் நல்லாத்தான் இருக்கேன். உங்க முழங்கால் வீக்கம் வத்திடுச்சா? மாமா மாத்திரை ஒழுங்கா போடறாரா?

அப்ப காலேஜ்ல எனக்கு முதல் வகுப்பு நடந்துட்டிருந்துச்சு. நாலு வருஷத்துல என்ன சாதிக்கப் போறீங்கன்னு எழுதச் சொன்னார் வாத்தியார். நான் வெறும் பேப்பரோட உட்கார்ந்திருந்தேன். என் வேலை என்னன்னு தெரிஞ்சவர், "லிஃப்ட் மெக்கானிக் சார், நீங்க எந்த மாடிக்குப் போகணும்?"னு கேட்டார். எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். அப்புறம் அவ அப்ளிகேஷன்ல எழுதினதையே எழுதினேன். "ஒரு அரியர்கூட வைக்காம முடிக்கணும். என் வீட்டுக்காரரையும் வைக்க விடக் கூடாது." ரெண்டாவது வரியை எழுதி முடிச்ச பிறகுதான் கோடு போட்டு அடிச்சேன்.

அவளோட கால்குலேட்டரை அனுப்புங்க. மூடியில பேர் கீறியிருப்பா, அழிச்சிடாதீங்க.

அடுத்த வகுப்புக்கு மணி அடிச்சுட்டாங்க. அஞ்சு மணிக்குள்ள பதில் போடலைன்னா சீட் வேற யாருக்கோ போயிடுமாம். 'வரமாட்டா'ன்னு டைப் பண்ண என்னால முடியலை அத்தை. அஞ்சு மணி வரைக்கும் அது அவ இடம். போனை அணைச்சு வெச்சிருக்கேன்.

உங்க மாப்பிள்ளை