ஐந்து மணிக்குப் பூட்டும் கோட்டை

என் அக்கா றெஜினாவுக்கு,

நீ போய் ஒரு வருடமும் ஒரு கிழமையும் ஆகிவிட்டது. ஆண்டுத் திருப்பலிக்குக் கோவில் நிறையச் சனம். பிறகு உன்னுடைய டூட்டிங் வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு கொடுத்தோம். சனம் கலைந்த பிறகு அத்தான் என் கையில் ஒரு கடிதத்தைத் தந்தார். அன்றிலிருந்து எனக்குக் கை கால் ஓடவில்லை. வேலைக்குப் போகிறேன், வருகிறேன். நான் நிற்கிற விமான நிலையக் கடையில் யாராவது "அக்கா" என்று கூப்பிட்டால் திடுக்கிட்டுத் திரும்புகிறேன்.

இதை உனக்குத்தான் எழுதுகிறேன். ஆனால் இங்கத்தைய தமிழ்ப் பத்திரிகைக்கும் கொடுக்கிறேன், மற்றவர்களும் படிக்கட்டும். நான் பொய் சொன்னது எல்லோரிடமும்தானே.

பிரான்சுக்குப் போவோம் என்று கேட்டவள் நீ. "பத்து வருசம் பாரிசிலை இருந்தன். ஹோட்டல் படிக்கட்டும் பாத்ரூமும்தான் பார்த்தன். அந்த நாட்டின்ரை வயல்வெளியை ஒருக்கால் பார்க்கவேணும்" என்றாய். எங்கே போவது என்று தெரிவு செய்தவள் நான். யாழ்ப்பாணத்தில் பெண்பிள்ளைகளுக்கு வரலாறு படிப்பித்தவளுக்கு இங்கே பழைய கல் என்றால் பைத்தியம் என்று நீ எத்தனை தரம் பகிடி பண்ணியிருக்கிறாய்? பர்கண்டிப் பக்கம் ஒரு கால்வாய், அதன் கரையோடு நடைபாதை, வழிநெடுகப் பழைய மடங்களும் கோட்டைகளும். நூலகத்தில் புத்தகம் எடுத்து, பக்கம் பக்கமாகப் பிரதி பண்ணிக் கொண்டுவந்தேன்.

வாட்டர்லூவில் ரயில் ஏறியபோது நீ பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குப் போகிற பிள்ளை மாதிரி இருந்தாய். முதல் இரண்டு நாளும் நான் கண்டது வேறு ஓர் அக்காவை. பாண் கடைக்காரியோடு பிரெஞ்சில் சண்டை பிடித்துச் சிரித்தாய். பழைய மடத்தின் வாசலில் கல்லில் வெட்டியிருந்ததை எழுத்துக்கூட்டி எனக்குத் தமிழில் சொன்னாய். பாதி பிழை என்று எனக்கே தெரிந்தது. ஆனாலும் தலையாட்டினேன். இவ்வளவு காலம் இந்தச் சிரிப்பை எங்கே வைத்திருந்தாய்?

மூன்றாம் நாள்தான் கோட்டை. கால்வாயோரம் ஒன்பது கிலோமீட்டர் நடக்கவேண்டும். மத்தியானம் ஒரு மரத்தடியில் இருந்து சாப்பிட்டோம். எழும்பும்போது நெஞ்சைத் தடவிக்கொண்டு, "ஒரு மாதிரிப் பொருமுது" என்றாய். "சீஸ் ஒத்துக்கொள்ளேல்லைப் போல" என்றேன் நான். பிறகு இரண்டு தடவை நின்றாய். இரண்டு தடவையும் நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். அதை நீ கண்டிருப்பாய்.

படகுகளை மேலே ஏற்றி இறக்கும் மதகு ஒன்று வந்தது. பக்கத்தில் மதகைப் பார்த்துக்கொள்பவளின் சின்ன வீடு, வாசலில் ஆட்கள் இருக்க ஒரு மர வாங்கு. நீ அதில் இருந்தாய்.

"நீ போட்டு வா. நான் இதிலை இருக்கிறன்."

"இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே அக்கா."

"எனக்கு ஏலாது. எனக்குக் கோட்டையும் ஒண்டுதான் மாட்டுக்கொட்டிலும் ஒண்டுதான். நீ ஓடு, அஞ்சு மணிக்குப் பூட்டிப்போடுவாங்கள்."

நான் போனேன். உன் முகத்தைச் சரியாகப் பார்த்தேனா என்று இன்றும் என்னையே கேட்கிறேன்.

கோட்டை வடிவாகத்தான் இருந்தது அக்கா. அதையும் உனக்குச் சொல்லத்தான் வேண்டும். கீழே ஒரு பெரிய குசினி. சுவர் முழுக்கப் புகைக்கரி. எத்தனையோ நூறு வருடத்துச் சமையல். ஒருவரும் பார்க்காத நேரம் விரலால் தொட்டு மணந்து பார்த்தேன். பிறகு கோபுரத்தில் ஏறினேன். அங்கிருந்து கால்வாய் ஒரு பச்சைக் கோடு மாதிரித் தெரிந்தது. பூட்டப் போகிறோம் என்று மணி அடிக்கும்வரைக்கும் நின்றேன். எனக்கு ஒரு பதற்றமும் இருக்கவில்லை. சந்தோசமாக இருந்தேன். உன்னைப் பற்றி ஒருதரம்கூட நினைக்கவில்லை.

திரும்பி வந்தபோது மதகடியில் ஒரு சிவப்பு அம்புலன்ஸ் வான் நின்றது. ஏதோ படகு மோதிவிட்டது என்று நினைத்தேன். அந்த மதகுக்காரி ஏப்ரனோடு ஓடிவந்து என் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னாள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அவள் தோளுக்கு மேலால் பார்த்தேன். வாங்குக்குக் கீழே உன் சப்பாத்து இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. நிலத்தில் போர்வையால் மூடி ஓர் ஆள். அது நீ என்று எனக்குப் படவேயில்லை. உன்னைத் தேடி அந்த வீட்டுக்குள்ளே போனேன் அக்கா. குசினிவரைக்கும் போய் "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டேன்.

அந்த ஊர் ஆஸ்பத்திரியில் இருந்துதான் அத்தானுக்கு டெலிபோன் அடித்தேன். ஆஸ்பத்திரியின் பெயரை இரண்டு தரம் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். பிறகு கேட்டார்.

"கடைசி நேரம் நீர் பக்கத்திலை இருந்தனீரோ?"

"ஓம் அத்தான். கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தனான்."

யோசித்துச் சொன்னதில்லை. வாயில் வந்தது. சொன்ன பிறகு அதுவே நிலைத்துவிட்டது. லண்டனுக்கு உன்னைக் கொண்டுவருமுன்னே அந்தக் கதை வந்து சேர்ந்துவிட்டது. அடக்கத் திருப்பலியில் சுவாமியார் பிரசங்கத்திலேயே சொன்னார், தங்கையின் கையைப் பற்றியபடி இறைவனிடம் போனாள் என்று. உன் மகள் நிரோஷா என்னைக் கட்டிப்பிடித்து, "தாங்க்யூ சித்தி, அம்மா தனிய இருக்கேல்லை" என்றாள். அவளை விலக்கி அப்போதே சொல்லியிருக்கலாம். அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

ஒரு வருடம் அப்படியே போனது. ஒவ்வொரு ஞாயிறும் உன் வீட்டில் சாப்பிட்டேன். அத்தான் காரை விற்றுவிட்டார், தெரியுமா? பக்கத்துச் சீட்டைப் பார்த்துக்கொண்டு ஓட ஏலாதாம். இப்போது டிராமில்தான் வேலைக்குப் போகிறார்.

அவர் தந்த கடிதம் அந்த மதகுக்காரி எழுதியது. வாங்குக்கடியில் விழுந்து கிடந்த உன் மூக்குக்கண்ணாடியை, கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்த விலாசத்துக்கு அனுப்பியிருக்கிறாள். அதோடு இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாள். உன் அடக்கம் முடிந்து இரண்டு மாதத்தில் வந்ததாம். உன்னோடு பாரிசில் இருந்த அத்தானுக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியும் என்பதை நான் மறந்தே போனேன். குசினி மேசையில் என்னை இருத்தி, வரிவரியாகத் தமிழில் சொன்னார்.

நீ தண்ணீர் கேட்டாயாம். அவளுடைய தக்காளிச் செடிக்கு வெயில் காணாது என்றாயாம். பிறகு முகம் சாம்பலாய்ப் போக, அவள் அம்புலன்சுக்கு அடித்துவிட்டு, உன் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, "சைக்கிளில் போய் உன் தங்கச்சியைக் கூட்டிவரட்டுமா?" என்று கேட்டிருக்கிறாள். நீ வேண்டாம் என்றாயாம். அவள் ஆசைப்பட்டு வந்தவள், பார்க்கட்டும் என்றாயாம்.

ஏன் அக்கா? யார் உன்னைக் கேட்டது? எனக்கு உன்னில் வருகிற கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? ஒரு ஆளை அனுப்பியிருந்தால் நான் ஓடி வந்திருப்பேனே.

கொஞ்ச நேரத்தால் நீ கண்ணை மூடிக்கொண்டு, "சின்னவள் வந்திட்டாளா?" என்று கேட்டாயாம். குழந்தையிலிருந்து என்னை நீ கூப்பிடும் பெயரைப் பிரெஞ்சில் எப்படிச் சொன்னாயோ. மதகுக்காரி பாதையைப் பார்த்தாளாம். ஒருவரும் இல்லை. ஆனால், "வருகிறாள், வளைவிலே தெரிகிறாள்" என்று சொன்னாளாம். நீ தலையை ஆட்டினாயாம். கடிதத்தின் கடைசியில் அவள் எழுதியிருக்கிறாள்: செத்துக்கொண்டிருந்த ஒரு மனுசிக்கு நான் பொய் சொன்னேன், அது என்னைத் தூங்கவிடவில்லை, குடும்பத்தவர்கள் என்னை மன்னிக்கவேண்டும்.

அத்தான் கடிதத்தை மடித்தார். எனக்குத் தலை நிமிரவில்லை.

"அப்ப உங்களுக்கு முதலே தெரியும்" என்றேன்.

"ஓம்."

"ஏன் அத்தான் கேக்கேல்லை?"

"நீர் சொல்லுவீர் எண்டு பார்த்துக்கொண்டிருந்தன். முன்பின் தெரியாத மனுசி அவ. அவவுக்கு எழுத ஏலுமாயிருந்தது."

பத்து மாதம் அக்கா. பத்து மாதம் என் பொய்யைத் தெரிந்துகொண்டு, "இன்னும் கொஞ்சம் சோறு போடுமன்" என்று கறிச்சட்டியை என் பக்கம் தள்ளிய மனுசன். அவர் சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நிரோஷாவுக்குத் தெரியுமோ?" என்று கேட்டேன்.

"இல்லை. அது உம்முடைய அலுவல்" என்று எழும்பிப் போய், கோப்பைகளைக் கழுவத் தொடங்கினார். நான் துடைத்து வைத்தேன். வெளிக்கிடும்போது, "ஞாயிற்றுக்கிழமை வாரும்" என்றார்.

மதகுக்காரிக்கு நேற்று எழுதினேன். நான் தமிழில் எழுதியதை அத்தான் பிரெஞ்சில் மாற்றித் தருகிறேன் என்றார். மன்னிக்க ஒன்றும் இல்லை என்று எழுதினேன். நான் வந்துவிட்டதாக நீ நினைத்துக்கொண்டு போனதற்கு அவளுக்கு நன்றி சொல்லவேண்டும் என்றும் எழுதினேன். பிறகு எனக்கே ஒரு சந்தேகம். நீ உண்மையில் நம்பினாயா? இல்லாவிட்டால், பாவம் என்று அவளுக்காகத் தலையாட்டினாயா? மடத்து வாசலில் நான் உனக்குத் தலையாட்டவில்லையா?

வாற சனிக்கிழமை நிரோஷா யூனிவர்சிட்டியில் இருந்து வருகிறாள். இந்தக் கடிதம் அச்சில் வருமுன் என் வாயால் அவளுக்குச் சொல்லுவேன். அவள் என்னை வெறுக்கலாம். "அம்மா கடைசியாய் என்ன கேட்டவ?" என்று கேட்பாள். சின்னவள் வந்திட்டாளோ என்று கேட்டவ என்பேன். நான் வரவில்லை என்றும் சொல்லுவேன். இது சத்தியம் அக்கா.

உன் தங்கச்சி
ஜெசிந்தா
ஹவுன்ஸ்லோ